குழு வகுப்பில் இரண்டு நாயும் ஒரே நேரத்தில் சொதப்பினால்

கேள்வி இது: அடையாறு பக்கம் அபார்ட்மென்டில் இருக்கிறோம். மூன்று வயது நாட்டு நாய் மீனு, ஒன்பது மாத லேப்ரடார் ராக்கி. இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழு வகுப்புக்குக் கூட்டிப்போகிறோம். முதல் ஆறு வாரம் நன்றாகப் போனது. அப்புறம் தீபாவளி, அதையடுத்து மழையால் இரண்டு வாரம் வகுப்பே நடக்கவில்லை. திரும்பப் போனதில் இருந்து மூன்று ஞாயிறாக எல்லாம் தலைகீழ். ராக்கி குரைக்கிறான், பக்கத்து நாய் மேல் பாயப் பார்க்கிறான், சிட் சொன்னால் பாதி உட்கார்ந்து எழுந்துவிடுகிறான். சமத்தாக இருந்த மீனு ஸ்டே சொன்னால், அதாவது அசையாமல் இரு என்றால், எழுந்து வருகிறாள், சிக்கனைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கணவருக்கு ஷிப்ட் மாறிவிட்டதால் இப்போது நான் ஒருத்தியே இரண்டையும் பிடித்துக்கொண்டு போகிறேன். ஆறு வார உழைப்பும் போய்விட்டதா? ஒன்றை நிறுத்திவிடலாமா? வகுப்பில் ஒருவர், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் போடச் சொல்கிறார், போடலாமா?

போகவில்லை. ஆறு வாரம் கற்றது இரண்டு நாயிடமும் அப்படியே இருக்கிறது. எட்டு வருடமாக வீட்டில் இரண்டு நாய் வைத்திருக்கிறேன், ஒரு குழு வகுப்பில் ஞாயிறுதோறும் கூடமாட உதவிக்கு நிற்கிறேன், தீபாவளியும் மழையும் முடிந்து வகுப்பு திரும்பத் தொடங்கும்போது வருடா வருடம் இதே முகங்களைப் பார்க்கிறேன். அக்டோபர் வரை நன்றாக இருந்த நாய், நவம்பர் கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்பாது. உங்கள் விஷயத்தில் நான்கு காரியங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன, அதனால்தான் மொத்தமும் இடிந்த மாதிரி தெரிகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எதைத் தொட வேண்டும் என்று புரியும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது குரைப்பு இல்லை. ராக்கி பாதி உட்கார்ந்து எழுந்துவிடுகிறான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான். வேடிக்கை பார்க்கும் நாய் உட்காரவே உட்காராது, அல்லது உட்கார்ந்துவிட்டு அப்புறம் எழும். பாதியில் நின்று எழுவது பல நேரம் உடம்பு சொல்லும் செய்தி. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வர வாய்ப்பு அதிகம், வளரும் வயதிலேயே தெரிய ஆரம்பிக்கும். அதோடு இது மழைக்காலம், உண்ணி, விரலிடுக்கில் புண், காதில் சீழ் எல்லாம் வரும். ஆகவே அடுத்த வகுப்புக்கு முன்னால் ராக்கியை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தெரிந்த டாக்டர் இல்லையென்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காலையில் சீக்கிரமே போய்விடுவது நல்லது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எங்கள் நாய் சுந்தரி காரணம். அவள் தெருவில் இருந்து வந்தவள், சொன்னதைக் கேட்பதில் கெட்டிக்காரி. ஒரு டிசம்பரில் திடீரென்று டவுன் சொன்னால் படுக்க மறுத்தாள். முன்னங்காலை மடக்கப் போவாள், பாதியில் நிமிர்ந்துவிடுவாள். நானும் பிடிவாதம் என்று நினைத்து, ட்ரீட்டைக் கூட்டி, பிறகு குரலைக் கூட்டி, இரண்டு வாரம் அவளோடு மல்லுக்கு நின்றேன். ஒரு ராத்திரி தற்செயலாகக் காலைத் தடவியவன், விளக்கை எடுத்து வந்து விரல்களை விரித்துப் பார்த்தால், நடுவில் ரத்தம் குடித்து உப்பிய உண்ணி ஒன்று, சாம்பல் நிறத்தில் பட்டாணி அளவுக்கு, சுற்றிலும் தோல் சிவந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது. படுக்கப் போகும்போது உடம்பு எடை முழுக்க அந்த விரல் மேல்தான் இறங்கியிருக்கும். எடுத்து, மருந்து போட்டு, புண் ஆறியதும் டவுன் என்று ஒரே ஒரு தரம் மெதுவாகச் சொன்னேன், பொத்தென்று படுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த இரண்டு வாரம் அவளிடம் கோபப்பட்டதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

மீனு விஷயத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. அவள் சிக்கனை வகுப்பில் மட்டும் மறுக்கிறாளா, வீட்டிலும் மறுக்கிறாளா? வீட்டிலும் சாப்பாடு குறைந்து, சோர்ந்து படுத்திருந்தால் அவளையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள், உண்ணிக் காய்ச்சல் இப்படித்தான் மெல்ல ஆரம்பிக்கும். வீட்டில் தட்டை நக்கிவிட்டு வகுப்பில் மட்டும் முகத்தைத் திருப்புகிறாள் என்றால் அது பயம், அல்லது தாங்க முடியாத பதற்றம். பசியோடு இருக்கும் நாய், வேகவைத்த சிக்கன் மூக்குக்கு முன்னால் இருந்தும் வேண்டாம் என்றால், அந்த நேரத்தில் அவளால் எதையும் கற்க முடியாது என்று அர்த்தம். அப்போது ஸ்டே சொல்லிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. அங்கிருந்து விலகிப் போக வேண்டும், எத்தனை அடி தள்ளிப் போனதும் சிக்கனை வாங்கிக்கொள்கிறாளோ அந்த இடம்தான் அன்றைக்கு அவளுக்கு வகுப்பறை.

தீபாவளியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெரிய வெள்ளம் வந்தது. பாவ்லோவ், மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று நாம் பள்ளியில் படித்தோமே அவர்தான், அவருடைய ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டில் மாட்டிக்கொண்டு மூழ்கும் தறுவாயில் மீட்கப்பட்டன. அப்புறம் பார்த்தால் சில நாய்களுக்குப் பல மாதம் பழக்கிய பாடம் காணாமல் போயிருந்தது. பொறுமையாகத் திரும்பப் பழக்கியதில் மெல்ல வந்தது. வந்த பிறகும், கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டுப் பார்த்தபோது ஒரு நாய் மறுபடி கலங்கிப்போனது. 2015 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இன்றைக்கும் ராத்திரி கனமழை என்றால் எழுந்து போய் வாசலைப் பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! மீனுவுக்கும் அப்படித்தான். நான்கு நாள் வெடிச் சத்தம் முடிந்த பிறகும் உடம்பில் ஏறிய பதற்றம் உடனே இறங்காது, கல்யாண மண்டப வாசலில் யாராவது ஒரு சரம் கொளுத்தினால் மறுபடி ஏறிவிடும். அந்த நிலையில் கத்தும் ராக்கியோடு அவளை எட்டு நாய்களுக்கு நடுவில் உட்கார வைத்தால் அவள் எழுந்து உங்களிடம்தான் வருவாள். உங்களிடம் வருகிறாளே என்று சந்தோஷப்படுங்கள், அதற்காக அவளைத் திட்டிவிடாதீர்கள்.

ராக்கி ஒன்பது மாதம், ஆண் பிள்ளை. 2020-ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு வந்தது, ஐந்து மாதத்தில் கேட்ட நாய்களே எட்டு மாதம் ஆனபோது சிட் சொன்னால் தன் வீட்டுக்காரர் பேச்சை அதிகமாக அலட்சியம் செய்தன, அதே சமயம் வெளி ஆள் சொன்னால் கேட்டன. பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. வகுப்பில் ட்ரெய்னர் லீஷை, அதாவது பிடித்து நடத்தும் கயிற்றை, வாங்கியதும் ராக்கி ஒழுங்காக உட்கார்ந்து, உங்கள் கைக்கு வந்ததும் ஆடினால் மனம் நொந்துபோகாதீர்கள். அந்த வயதுக்கே உரிய சேட்டை, தோளுக்கு மேல் வளர்ந்த பையன் வீட்டில் செய்வது போலத்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு லீஷ், ஒரு ஆள்.

முதல் ஆறு வாரம் மீனு என்ன கற்றாள் என்று யோசித்துப் பாருங்கள். சிட் என்றால் உட்கார வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அவள் கற்றது, ராக்கி பத்தடி தள்ளி கணவர் கையில் இருக்கிறான், நான் இவர் இடது பக்கம் நிற்கிறேன், இவர் என்னை மட்டுமே பார்க்கிறார், அப்போது சிட் என்று கேட்டால் உட்கார வேண்டும். இந்த மொத்தப் படமும் சேர்ந்ததுதான் அவளுக்குப் பாடம், வார்த்தை அதில் ஒரு மூலை. கணவர் வருவது நின்றதும் படமே மாறிவிட்டது. ராக்கி அரையடியில் நிற்கிறான், உங்கள் கண் பாதி நேரம் அவன் மேல் இருக்கிறது, அவன் இழுக்கும் இழுப்பு உங்கள் தோள் வழியாக அவள் கழுத்துக்குப் போகிறது. அவளுக்கு இது புதுப் பாடம், யாரும் சொல்லித்தராத பாடம்.

வகுப்பில் நான் எப்போதும் சொல்வது, ஒரு வீட்டில் இருந்து இரண்டு நாய் வந்தால் மூன்று மாணவர்கள் வந்ததாகக் கணக்கு. மீனு தனி, ராக்கி தனி, மீனுவும் ராக்கியும் சேர்ந்த ஜோடி தனி. முதல் இருவருக்கும் நீங்கள் பாடம் எடுத்திருக்கிறீர்கள். மூன்றாவதற்கு ஒரு நாள்கூட எடுக்கவில்லை, ஆனால் மூன்று ஞாயிறாக அதைத்தான் பரீட்சைக்கு உட்கார வைத்திருக்கிறீர்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. ராக்கி பக்கத்து நாய் மேல் பாய முடியாமல் லீஷில் மாட்டித் தவிக்கும்போது, அந்த ஆத்திரத்தில் திரும்பி, பக்கத்தில் இருக்கும் மீனுவைக் கடித்துவிடலாம். நல்ல நாய்களும் இதைச் செய்யும். வீட்டில் ஒரே பாயில் படுக்கும் இரண்டு நாய், மைதானத்தில் இப்படி ஒரு தரம் கடிபட்டுப் பல மாதம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் ஒருவராக இரண்டையும் வகுப்புக்குக் கொண்டுபோவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். வகுப்பை நிறுத்த வேண்டாம், ஜோடியாகப் போவதை மட்டும்.

ட்ரெய்னரிடம் போய் நேராகப் பேசுங்கள். கட்டணம் கட்டியிருக்கிறேன், இனி ஒரு வாரம் மீனு, மறு வாரம் ராக்கி என்று கூட்டி வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆறரைக்கு ஒரு பேட்ச், எட்டு மணிக்கு ஒரு பேட்ச் என்று நடத்துபவராக இருந்தால் ஒன்றை இதிலும் ஒன்றை அதிலும் போடச் சொல்லலாம், ஆனால் நடுவில் வீட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டு போக முடிந்தால் மட்டும். ஒன்றைக் காரில் விட்டுவிட்டு மற்றதற்கு வகுப்பு எடுப்பது கூடவே கூடாது, நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றிய கார் மார்கழி காலையில்கூடச் சீக்கிரம் சூடாகிவிடும்.

வாரம் விட்டு வாரம் என்றால் பின்தங்கிவிடுமே என்று கவலை வரும். 2011-ல் டென்மார்க்கில் 44 பீகிள் நாய்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தினமும் பயிற்சி எடுத்தவற்றைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு தரம் மட்டும் எடுத்தவை குறைவான வகுப்புகளிலேயே கற்றுக்கொண்டன, நாலு வாரம் இடைவெளி விட்டுக் கேட்டபோதும் மறக்கவில்லை. மழைக்கு இரண்டு வாரம் வகுப்பு இல்லாமல் போனதற்காக வருந்த வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நாயை அறைக்குள் விட்டு, நக்கிக்கொண்டிருக்க ஏதாவது கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு மற்றதோடு ஐந்து நிமிடம். அப்புறம் மாற்றுங்கள். அவ்வளவு போதும், பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். கதவுக்குப் பின்னால் இருப்பவன் முதல் சில நாள் அழுவான், பிராண்டுவான். ராக்கி நிச்சயமாகச் செய்வான். அழுகைக்குக் கதவைத் திறந்துவிட்டால் அழுதால் திறக்கும் என்று கற்றுக்கொள்வான், அதோடு கண்டுகொள்ளாமல் விட்ட மூன்றாவது நாளோ நான்காவது நாளோ சத்தம் குறைவதற்குப் பதில் திடீரென்று கூடும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் மனம் தளர்ந்து திறந்துவிடுவார்கள். அது அணையப்போகும் விளக்கின் கடைசிப் பிரகாசம் மாதிரி, அதைத் தாண்டிவிட்டால் அடங்கும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது, அபார்ட்மென்ட் ஆயிற்றே. ஆனால் வாயில் எச்சில் ஒழுக, கதவைக் கடித்துப் பிய்க்கும் அளவுக்குப் போனால் அது வேறு, அது தனிமைப் பயம். அப்போது உடனே திறந்துவிட்டு, பத்து வினாடியில் இருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் எதை, எந்த அளவுக்குக் கேட்பது? எனக்குக் கை கொடுத்தது ஒரு எளிய கணக்கு. ஒரு காரியத்தை ஐந்து தரம் கேளுங்கள். நாலு அல்லது ஐந்து தரம் செய்தால் அடுத்த படி ஏறலாம். மூன்று என்றால் அதே இடத்தில் இருங்கள். இரண்டோ அதற்குக் கீழோ என்றால் ஒரு படி இறங்குங்கள், யோசிக்காமல் இறங்குங்கள். இறங்கிவிட்டோமே என்று பலருக்குக் கூச்சம், நாய்க்கு அப்படி எதுவும் இல்லை. மீனு வகுப்பில் ஒரு நிமிட ஸ்டே செய்தவள்தான், இருக்கட்டும், இன்றைக்கு ஹாலில் ஐந்து வினாடி. படி என்று நான் சொல்வது மூன்று விஷயம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், சுற்றி எவ்வளவு சந்தடி. ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும். வாசலில் சந்தடி இருக்கிறது என்றால் நேரத்தை மூன்று வினாடியாக்கி, பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். ஸ்டே உடைவதற்குக் காரணம் தொண்ணூறு சதவீதம், ஒரே மூச்சில் மூன்றையும் கூட்டியதாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது, நான் பார்த்தவரை. ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு, நாய் பெயர் போட்டு, ஐந்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்துப் புரட்டினால் சரிவு எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியும், சும்மா மனதில் வைத்துக்கொண்டால் எல்லாமே சொதப்பல் என்றுதான் தோன்றும்.

ட்ரீட் பட்டாணி அளவுக்குமேல் வேண்டாம். வேகவைத்த சிக்கன், கொஞ்சம் ஈரல், கேரட் எல்லாம் சரி. உப்பு, மசாலா, வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது, திராட்சையும் கூடாது.

இரண்டு நாய் வீட்டில் வார்த்தைகளும் சிக்கலாகும். எங்கள் வீட்டில் நான் சிட் என்பேன், அம்மா உக்காரு கண்ணு என்பார், பையன் சிட் சிட் சிட் என்று மூன்று தரம் சொல்வான், வேலு என்று ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறான் எங்களிடம், அவன் மூன்றாவது சிட்டுக்குத்தான் உட்கார வேண்டும் என்று கற்றுக்கொண்டான், அதில் அவன் தப்பு எதுவும் இல்லை. ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம், எந்தக் காரியத்துக்கு எந்த வார்த்தை என்று, தமிழோ ஆங்கிலமோ எதுவானாலும் வீட்டில் எல்லோருக்கும் ஒன்று. அதற்குமேல், இரண்டு நாய்க்கும் பொதுவாகக் கட்டளை போடக் கூடாது. வா என்று சும்மா சொன்னால் யாரை? முதலில் பெயர், அந்த நாய் திரும்பிப் பார்க்கட்டும், அப்புறம் வார்த்தை. பெயர் கேட்காத நாய் சும்மா இருந்ததற்கும் ஒரு துண்டு கொடுங்கள், தன் முறை வரும் என்று காத்திருக்க அது கற்கும். ஜோடியாகப் பழக்கும்போது இதுதான் அஸ்திவாரம். ராக்கி என்ற பெயரைத் திட்டுவதற்கு மட்டும் உபயோகிக்காதீர்கள், நாளெல்லாம் ராக்கீ... ராக்கீ என்று அதட்டிவிட்டு மைதானத்தில் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி வருவான்?

சோக் செயின் பற்றிக் கேட்டீர்கள். போடாதீர்கள். இறுக்கினால் அடங்கியது மாதிரி தெரியும், சில நாய் உண்மையிலேயே அந்த நொடி அடங்கும். ஆனால் ராக்கி என்ன கற்கிறான்? எதிரில் இன்னொரு நாயைப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது. அடுத்த முறை அந்த நாயை அவன் இன்னும் தூரத்திலேயே விரட்டப் பார்ப்பான். போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளில் இருந்த நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடுதலாக இருந்தன. அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர்களின் சங்கம் 2021-ல், எல்லா நாய்க்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்திருக்கிறது. உடம்பைச் சுற்றிக் கட்டும், மார்பில் கொக்கி உள்ள ஹார்னஸ் ஒன்று வாங்குங்கள், இழுப்பு குறையும், கழுத்துக்கும் கேடில்லை. சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், சரி என்று கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒவ்வொன்றும் தனியாகத் திடமான பிறகு ஜோடியைத் தொடங்கலாம். எப்போது திடம்? மூன்று இடத்தில், அதாவது ஹால், மொட்டை மாடி, கீழே பார்க்கிங் என்று வையுங்கள், மூன்றிலும் ஐந்துக்கு நாலு வந்தால். அப்போது கணவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மொட்டை மாடியின் இரண்டு மூலையில் ஆளுக்கொரு நாயோடு நில்லுங்கள். கேட்கப்போவது ஒன்றுதான், மற்ற நாய் அங்கே இருக்கும்போதே தன் பெயர் கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். சிட்கூட வேண்டாம். வந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் நாலைந்து அடி நெருங்குங்கள். அதற்குப் பிறகு ஒரு நாய் கட்டளை செய்ய, மற்றது தன் பாயில் படுத்துக் காத்திருப்பது. இந்தப் பாய்ப் பழக்கத்துக்கு நேரம் எடுக்கும், எங்கள் வேலுவுக்கு ஏழு வாரம் ஆனது, சுந்தரி நடக்கும்போதெல்லாம் எழுந்து ஓடுவான், வேட்டை நாய் ரத்தம், நகர்வதைப் பார்த்தால் காலும் நகரும். பிறகு ஒருநாள் அவள் அவனைத் தாண்டிப் போகிறாள், அவன் காது மட்டும் திரும்புகிறது, உடம்பு அசையவில்லை, வால் நுனி தரையில் இரண்டு தட்டு தட்டியது. அன்றைக்கு அவனுக்கு ஒரு கைப்பிடி ஈரல் கிடைத்தது. ஒரே ஆள் இரண்டையும் பிடிப்பது கடைசிப் படி, அதையும் வீட்டுக்குள்தான் தொடங்க வேண்டும், மைதானத்தில் அல்ல.

வகுப்புக்குப் போகும் வழியும் கணக்கில் சேரும். லிஃப்டில் யாரோ ஒருவரோடு நெருக்கி நின்று, கேட்டைத் தாண்டியதும் தெருநாய்கள் நாலு சூழ்ந்து முகர்ந்து, ஆட்டோ ஹாரன் கேட்டு, மைதான வாசலில் முகத்துக்கு நேராக ஒரு ஜெர்மன் ஷெப்பர்டைச் சந்தித்தால், வகுப்பு தொடங்கும்போதே ராக்கிக்குப் பதற்றப் பாத்திரம் நிரம்பித் தளும்புகிறது. பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய் மைதானத்துக்கு வெளியே ஓரமாக நின்று புல்லை முகரவிடுங்கள், முகர்ந்தால் நாய் தணியும். வரிசையில் நடுவில் நிற்காமல் ஓரத்தில், வெளியே போகும் வழி பக்கம் இடம் கேளுங்கள். நிறுத்தியிருக்கும் கார் ஒன்று மறைவாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, பார்வை மறைந்தாலே பாதிக் குரைப்பு நிற்கும். பாய்வதற்கு முன்னால் ராக்கி ஏதாவது காட்டுவான், வாயை மூடி விறைப்பான், காது முன்னால் போகும், மூச்சு ஒரு நொடி நிற்கும். அந்த நொடியில் பெயரைச் சொல்லித் திரும்பி நடந்துவிடுங்கள். குரைக்க ஆரம்பித்த பிறகு சொல்லும் எதுவும் அவன் காதில் ஏறாது. மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று அங்கேயே நின்று சமாளிக்க நினைக்காதீர்கள், நாங்கள் எல்லோரும் அந்த ஓரத்தில் ஒருநாள் நின்றவர்கள்தான்.

வரும் ஞாயிறு மீனுவை மட்டும் கூட்டிப்போங்கள். வகுப்பில் சேர வேண்டாம், ஐம்பது அடி தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அவள் அந்த நாய்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு சிக்கன், இருபது நிமிடம், அவ்வளவுதான். வாங்கிச் சாப்பிட்டால் அடுத்த தரம் பத்தடி முன்னே. வாங்கவில்லை என்றால் இன்னும் பின்னே. ராக்கியைச் சனிக்கிழமைக்குள் டாக்டரிடம் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள், இடுப்பில் ஏதாவது இருந்தால் அவனுக்கு சிட்டுக்குப் பதில் நின்றபடி காத்திருக்கப் பழக்க வேண்டும், அது எப்படி என்று தனியாகச் சொல்கிறேன்.